கிளியர் கோட்டுக்கு முந்தைய வேலை

நன்றாகச் செய்த ஒரு கார்பன் ஃபைபர் மட்கார்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால், கறுப்பு நெசவு கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதும் அதன்மேல் தெளிவான ஓர் ஆழம் இருப்பதும் தெரியும். அந்த அழகு முழுக்க மேலே அடித்த கிளியர் கோட்டில் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் முதன்முதலாக ஒரு பாகம் செய்பவர்களும் அதை நம்பி, ரெசின் இறுகிய கையோடு ஸ்ப்ரே கேனைத் தேடுகிறார்கள். ஊசித்துளை, நெசவின் மேடுபள்ளம், அங்கங்கே மங்கல், எல்லாவற்றையும் கிளியர் கோட் மூடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அது எதையும் மூடாது. இருக்கும் குறையை இன்னும் எடுப்பாகக் காட்டும்.

காரணம் எளிது. இரண்டு மூன்று கோட் அடித்துக் காய்ந்த பிறகும் கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 50 முதல் 75 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்தான். இவ்வளவு மெல்லிய படலம் அடியில் உள்ள பள்ளத்தை நிரப்பாது. பள்ளத்தின் வடிவத்தை அப்படியே ஒட்டிப் படியும். சாதாரண பெயின்ட் வேலையில் பட்டி, பிரைமர், நிறம் என்று ஒளியை மறிக்கும் அடுக்குகள் இருப்பதால் அடியில் என்ன இருந்தாலும் வெளியே தெரியாது. கார்பனில் கண் நேராக நெசவு வரை இறங்குகிறது. வழியில் இருக்கும் கீறல், குமிழி, தூசி ஒவ்வொன்றும் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகத் தெரியும்.

ஆகவே இந்த வேலையில் இரண்டு பொருள்களுக்கு இரண்டு தனித்தனிப் பொறுப்பு என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தடிமனையும் சமதளத்தையும் தர வேண்டியது எபாக்ஸி ரெசின். வெயிலையும் உரசலையும் சிந்தும் பெட்ரோலையும் தாங்க வேண்டியது கிளியர் கோட். எபாக்ஸியை மட்டும் பாலிஷ் போட்டு விட்டுவிட்டாலும் முதல் சில வாரம் அருமையாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கமான எபாக்ஸியின் மூலக்கூறில் உள்ள பென்சீன் வளையங்கள் புறஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைகின்றன. முதலில் மஞ்சளிக்கும், பிறகு மேற்பரப்பு வெளுத்துப் பொடி உதிரும். கார்களுக்கு அடிக்கும் டூ-கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் வகை, அப்படிச் சிதையாத ஹார்டனரைக் கொண்டது. கூடவே புறஊதாக் கதிரைத் தடுத்து உறிஞ்சும் சேர்மங்களும் அதில் கலந்திருக்கும். ஹார்டனர் இல்லாமல் கேனில் வரும் சாதாரண லாக்கர், கரைப்பான் ஆவியாகி உலர்வதோடு சரி. பெட்ரோல் பட்டால் மறுபடி கரையும். வண்டியில் மாட்டும் பாகத்துக்கு அது வேண்டாம்.

எடுத்துக்காட்டுக்கு, பழைய முன்பக்க மட்கார்டின் மேல் கார்பன் துணி ஒட்டிச் செய்யும் முறையை எடுத்துக்கொள்வோம். அச்சு தேவையில்லை, வேக்குவம் பம்ப் தேவையில்லை என்பதால் வீட்டில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். இப்படிச் செய்த பாகம் எடை குறையாது, கொஞ்சம் கூடவே செய்யும். இது அழகுக்கான வேலை. 1981இல் மெக்லாரன் அணி எம்பி4/1 பந்தயக் காரின் உடற்கூட்டைக் கார்பனில் கொண்டுவந்தபோது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹெர்குலிஸ் நிறுவனம் உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வேகவைத்து அதைச் செய்துகொடுத்தது. அந்தப் பலத்தைக் கைவேலையில் எதிர்பார்க்கக் கூடாது. ஹேண்டில்பார், பிரேக் லீவர், ஃபுட்ரெஸ்ட் போன்ற உயிர் தாங்கும் பாகங்களை வீட்டில் கார்பனில் செய்து மாட்டாதீர்கள்.

துணி ஒட்டுவதற்கு முன்பே மட்கார்டின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக்கின் வகை பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஏபிஎஸ் என்றிருந்தால் 80 எண் உப்புத்தாளில் சொரசொரப்பாகத் தேய்த்தால் எபாக்ஸி பிடித்துக்கொள்ளும். பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன் என்றிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. இன்று இல்லாவிட்டாலும் ஒரு கோடையில் உரிந்து வரும். அதன்மேல் மூன்று வாரம் தேய்த்து மெருகேற்றுவது வீண் உழைப்பு. ரெசினிலும் கவனம் வேண்டும். ஃபைபர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் இதற்கு ஏற்றதல்ல. பெரும்பாலான கார்பன் துணிகளின் இழை மேற்பூச்சு எபாக்ஸியோடு சேரும்படி செய்யப்பட்டது. பாலியெஸ்டர் அவ்வளவு வலுவாக ஒட்டுவதில்லை, இறுகும்போது கூடுதலாகச் சுருங்கவும் செய்கிறது.

எபாக்ஸி கலக்கும்போது ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டரிலிருந்து வந்த பழக்கம். எபாக்ஸியில் ரெசினும் ஹார்டனரும் கணக்காக ஒன்றோடொன்று இணைய வேண்டும். ஒன்று மிஞ்சினால் அது உள்ளேயே தங்கி, பாகம் என்றைக்கும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும். தராசில் எடைபோட்டுக் கலப்பதுதான் நல்லது. டப்பாவில் சொல்லியிருக்கும் விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டும் வேறு வேறு எண்கள்.

முதலில் கறுப்பு நிறமி கலந்த எபாக்ஸியை மட்கார்டில் பூசி, கை வைத்தால் ஒட்டும் பதம் வந்ததும் துணியை விரிப்பார்கள். நெசவின் இடுக்கு வழியே பழைய நிறம் எட்டிப் பார்க்காமல் இருக்க இந்தக் கறுப்பு உதவும். துணி ஒட்டிய பின் தெளிந்த எபாக்ஸியைப் பிரஷால் நனைத்து இறுகவிட்டால், நெசவின் வரிகள் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு முரட்டு மேற்பரப்பு கிடைக்கும். அதன்மேல் இன்னும் இரண்டு மூன்று முறை எபாக்ஸி பூச வேண்டும். முந்தைய பூச்சு இன்னும் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் இரண்டும் வேதியியலாகவே இணைந்துவிடும், இடையில் தேய்க்க வேண்டியதில்லை. ஓர் இரவு கடந்துவிட்டால் கட்டாயம் தேய்த்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

அப்படி ஓர் இரவு கடந்த எபாக்ஸியின் மேல் சில சமயம் மெழுகுபோன்ற வழவழப்பு ஒன்று படிந்திருக்கும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இது அதிகம். ஹார்டனரில் உள்ள அமீன், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. அதன்மேல் எதைப் பூசினாலும் பிடிக்காது. நேராக உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகை ரெசினுக்குள்ளேயே தேய்த்து இறக்குகிறீர்கள். தின்னரும் அதை இழுத்துப் பரப்புமே தவிர அகற்றாது. அது தண்ணீரில் கரைவது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் விட்டு, பச்சை நார்த் தேய்ப்பானால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, அதற்குப் பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். அச்சில் செய்த பாகமாக இருந்தால், அது அச்சில் பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூசிய மெழுகும் பிவிஏ படலமும் ஒட்டியிருக்கும் என்பதால் இந்தக் கழுவல் இன்னும் அவசியம்.

இதற்குப் பிறகு ஒரு வேலையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்: சூடேற்றிப் பதப்படுத்துவது. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி முழுதாக இறுகியிருக்காது. பல ரெசின்கள் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். நம் ஊர்க் கோடையில் வெயிலில் நிறுத்திய கறுப்புப் பாகம் 60 டிகிரியைத் தாராளமாகத் தாண்டும். அப்போது எபாக்ஸி கொஞ்சம் இளகி, மிச்சமிருந்த இறுக்கத்தையும் முடித்துக்கொண்டு, சுருங்கும். நெசவின் இடுக்கில் ரெசின் அதிகம், இழையின் மேல் குறைவு. ஆகவே சுருக்கமும் இடத்துக்கு இடம் மாறும். கண்ணாடியாக முடித்துவைத்த மட்கார்டில் ஒரே மதியத்தில் நெசவின் தடம் மேலெழுந்து வந்துவிடும். பலர் இதற்குக் கிளியர் கோட்டைக் குறை சொல்வார்கள். அந்தச் சுருக்கத்தைக் கிளியர் அடிப்பதற்கு முன்பே வரவழைத்துத் தேய்த்துவிட வேண்டும் என்பதுதான் பதப்படுத்துவதன் பொருள். வெப்பமானி வைத்த மரப்பெட்டிக்குள், பாகம் வளையாமல் தாங்கல் கொடுத்து, 40 டிகிரியில் தொடங்கிச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை 10 டிகிரி கூட்டி 60 வரை கொண்டுபோகலாம். எவ்வளவு நேரம் என்பது ரெசினுக்கு ரெசின் மாறும். தயாரிப்பாளர் தரும் தாளில் அது இருக்கும். சமையலுக்குப் பயன்படும் அவனில் மட்டும் வைக்காதீர்கள்.

பிறகு வருவது தேய்ப்பு. என் கணிப்பில் மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான், முடிவின் தரத்தைத் தீர்மானிப்பதும் இதுதான். 180 அல்லது 240 எண் தாளை மரக்கட்டையிலோ கெட்டி ரப்பரிலோ சுற்றிக்கொண்டு தொடங்குங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் இருக்கும் இடத்தில் பள்ளம் விழும். வளைவுகளுக்கு மெத்தென்ற ஸ்பாஞ்ச் துண்டு போதும். தேய்க்கத் தேய்க்க மேடான இடங்கள் மங்கி வெளுக்கும், பள்ளமான இடங்கள் பளபளப்பாகவே நிற்கும். அந்தப் பளபளப்பான புள்ளிகள்தாம் உங்களுக்கு வழிகாட்டி. அவற்றைத் துரத்திக்கொண்டு கீழே கீழே தேய்க்கக் கூடாது. பெரும்பகுதி மங்கியதும் நிறுத்தி, கழுவி உலர்த்தி, இன்னொரு பூச்சு எபாக்ஸி போட்டு, இறுகியபின் மறுபடி தேய்க்க வேண்டும். பள்ளத்தை நிரப்பித்தான் சமமாக்க முடியும்.

தேய்க்கும்போது கண் தூளின் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைத் தூள் வந்தால் எபாக்ஸியைத் தேய்க்கிறீர்கள், நல்லது. சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறினால் இழையைத் தொட்டுவிட்டீர்கள். அந்த நொடியே நிறுத்துங்கள். பரவலாகப் பயன்படும் 3கே துணியில் ஒரு கற்றைக்கு 3000 இழைகள், ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரான். கற்றை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்கேற்ப ஒளி திரும்புவதால்தான் நெசவுக்கு அந்த மினுக்கம். மேல் இழைகள் அறுந்துவிட்டால் அந்த இடம் மட்டும் கடித்ததுபோல் ஓரம் சிதைந்து தெரியும், அதை எந்தப் பூச்சும் திருப்பித் தராது. ஓரங்களிலும் மடிப்பு முனைகளிலும் ரெசின் மெல்லியதாக நிற்கும் என்பதால் அங்கேதான் முதலில் இழை வெளிப்படும். முனைகளைக் கடைசியாக, லேசான கையால், நுண்ணிய தாளில் தேய்ப்பதே பாதுகாப்பு.

ஊசித்துளைகளுக்குத் தனிப் பொறுமை வேண்டும். மெல்லிய எபாக்ஸியை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் துளைகளுக்குள் அழுத்தி இழுத்தால் காற்று வெளியேறி ரெசின் இறங்கும். மேலோட்டமாகப் பிரஷால் பூசினால் துளை வாய் மட்டும் மூடி, உள்ளே காற்று நிற்கும். தேய்த்ததும் திரும்பவும் வாய் திறக்கும்.

சமமான பிறகு 320, 400, 600 என்று போய், 800இல் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் முடிக்கலாம். ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணின் கீறலை முழுதாக அழித்த பிறகே அடுத்தது. 240இன் கீறல் ஒன்று தங்கிவிட்டால் அன்றைக்குக் கிளியர் அதை நிரப்பியதுபோல் தெரியும். கிளியர் காய்ந்து படிந்தபின் சில வாரத்தில் வெயிலில் கோடாகத் தெரியும். அதற்காக 2000 வரை போய் வழவழப்பாக்கவும் வேண்டாம். கிளியர் பிடித்துக்கொள்ள நுண்ணிய சொரசொரப்பு வேண்டும். முடித்த பாகத்தின் மேல் தண்ணீரைத் தெளித்து வெயிலில் பாருங்கள். ஈரம் இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் தெரிவதுதான் கிளியர் அடித்தபின் தெரியப்போவது. அதில் குறை தெரிந்தால் ஸ்ப்ரே வேலையை ஒத்திவையுங்கள்.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்பன் தூள் தோலில் பட்டால் அரிக்கும். மூச்சில் போகக் கூடாது. அது மின்சாரத்தைக் கடத்துவதால் மின்விசிறி மோட்டார், கணினி போன்றவற்றுக்குள் போனால் ஷார்ட் ஆகும். என்95 முகமூடி, முழுக்கைச் சட்டை, வெளித்திண்ணை. முடிந்தவரை ஈரத் தேய்ப்பு. கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றாமல் தூளைப் படியவைத்து அப்புறப்படுத்துங்கள்.

கிளியர் அடிப்பதற்கு முன் பாகம் நன்றாக உலர வேண்டும், துளைகளிலும் விளிம்பிலும் தங்கிய நீரைக் காற்று அடித்து வெளியேற்ற வேண்டும். பிறகு எண்ணெய்ப்பசை நீக்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தானாக உலரவிட்டால் அழுக்கு இருந்த இடத்திலேயே திரும்பப் படியும். அதன்பின் வெறுங்கை படக் கூடாது. சிலிக்கோன்தான் இங்கே பெரிய எதிரி. டயர் பாலிஷ், டேஷ்போர்டு பளபளப்பான் இவற்றின் துளி காற்றில் மிதந்து வந்து படிந்தாலே போதும், கிளியர் அந்த இடத்திலிருந்து விலகி வட்டக் குழியாக நிற்கும். பக்கத்தில் வண்டி கழுவும் இடம் இருந்தால் அங்கே அடிக்காதீர்கள்.

இனி ஸ்ப்ரே. டூ-கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதே குடும்பம். ஹார்டனரில் உள்ளது அவ்வளவு எளிதில் ஆவியாகாதது, ஆனால் ஸ்ப்ரே செய்யும்போது நுண்துளியாக நுரையீரலுக்குள் போகும். சிலருக்கு உடல் இதற்கு ஒவ்வாமையை வளர்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் மிகச் சிறிய அளவுகூட ஆஸ்துமாவைக் கிளப்பும், அது வாழ்நாள் முழுதும் தொடரும். வாசனையை வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. துணி முகமூடியும் தூசு முகமூடியும் இதற்குப் பயனில்லை. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகக்கவசம்தான் முறையானது. பட்டனை அழுத்தி ஹார்டனரைக் கலக்கும் டூ-கே கேன்களுக்கும் இது பொருந்தும். அதனால் என் உறுதியான யோசனை இது: தேய்ப்பு வரை வீட்டில் செய்யுங்கள், கிளியரை மட்டும் ஸ்ப்ரே பூத் வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுங்கள். ஒரு மட்கார்டுக்கு ஆகும் செலவு, தரமான முகக்கவசமும் கம்ப்ரெசரும் வாங்கும் செலவில் சிறு பகுதிதான்.

கொடுக்கும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பட்டியோ பிரைமரோ வேண்டாம், கிளியர் மட்டும். அவர் கை பழக்கத்தில் பிரைமர் கன்னைத்தான் முதலில் எடுக்கும். உப்புத்தாள் போடுவதானால் 800க்குக் கீழே வேண்டாம். பூத்தைச் சூடாக்குவதானால் நீங்கள் பதப்படுத்திய வெப்பத்தைத் தாண்ட வேண்டாம்.

நல்ல பெயின்டர் முதலில் லேசாக ஒரு கோட் அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் கரைப்பான் ஆவியாக விட்டு, பிறகு இரண்டு ஈரக் கோட் அடிப்பார். அவசரத்தில் கனமாக அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே மாட்டிய கரைப்பான் கொப்புளமாக வெடிக்கும். 35 டிகிரி மதியத்தில் இது சர்வ சாதாரணம். காலை வேளையும், மெதுவாகக் காயும் ஹார்டனரும் கைகொடுக்கும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் ஐசோசயனேட் தண்ணீரோடும் வினைபுரிந்து கரியமில வாயுவை விடும், பளபளப்பு மங்கும். கம்ப்ரெசர் தொட்டியில் சேர்ந்த நீரை வடித்துவிட்டுத் தொடங்குவதும் இதே காரணத்துக்காகத்தான். ஈரக் கிளியரில் கொசு விழுந்தால் கிள்ளி எடுக்க முயல வேண்டாம். காய்ந்தபின் தேய்த்தால் போய்விடும், விரல் வைத்தால் போகாது. மேட் ஃபினிஷ் விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: மேட் கிளியரில் விழுந்த தூசியைத் தேய்த்து பாலிஷ் போட வழியில்லை, போட்டால் அந்த இடம் மட்டும் மின்னும்.

இன்னும் ஆழம் வேண்டுமென்றால், காய்ந்த கிளியரை 800இல் லேசாகச் சமப்படுத்தி மேலும் இரண்டு கோட் அடிக்கச் சொல்லலாம். இறுதியாக ஆரஞ்சுத் தோல் போன்ற அலை தெரிந்தால், தயாரிப்பாளர் தாளில் சொன்ன நேரம் காத்திருந்து 1500, 2000, 3000 என்று ஈரத் தாளில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டில் மெருகேற்றலாம். விளிம்பில் டேப் ஒட்டிக்கொண்டு செய்யுங்கள். அங்கே கிளியர் மெல்லியது, ஒரே இழுப்பில் எபாக்ஸி தெரிந்துவிடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது துளைகள். துளையிடும் வேலையை எபாக்ஸி கட்டத்திலேயே முடித்து, துளையின் உள்சுவரையும் அறுத்த விளிம்பையும் எபாக்ஸியால் அடைத்துவிட வேண்டும். கார்பன் மின்சாரம் கடத்துவதால், ஈரத்தில் அலுமினியத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் உண்டாகி அலுமினியம் அரித்துப்போகும். உப்புக் காற்று வீசும் ஊரில் இன்னும் வேகமாக. நைலான் வாஷரும் துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூவும் போடுங்கள், மிதமாக முறுக்குங்கள்.

கிளியர் முழு வலுவுக்கு வர ஒரு வாரம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை பெட்ரோல், பறவை எச்சம், மெழுகு எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மேல்நோக்கிய பகுதியைக் கவனித்துப் பாருங்கள். வெயில் நேராக விழும் இடம்தான் முதலில் களைக்கும். பாலிஷ் போட்டும் திரும்பி வராத மங்கல் தெரியத் தொடங்கினால், கிளியர் மெலிந்துவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்திலேயே 800இல் தேய்த்துப் புதிதாக இரண்டு கோட் அடித்துவிட்டால் வேலை அரைநாளில் முடியும். அதைத் தாண்டி அடியிலுள்ள எபாக்ஸி மஞ்சளித்துப் பொடியத் தொடங்கிவிட்டால் கிளியர் செதில் செதிலாக உரியும். சிதைந்த எபாக்ஸியைத் தேய்த்தெடுத்து, பூச்சு, தேய்ப்பு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.